உலோக அயனியின் சாட்சியம்



புரதங்களின் உருவப்படங்கள் இன்று பள்ளிப் பாடநூல்களிலேயே அச்சாகின்றன. சுருண்ட நாடாக்களும் தட்டையான அம்புகளுமாக வண்ணத்தில் இருக்கும் அந்தப் படங்களைப் பார்ப்பவருக்கு, யாரோ வலிமையான நுண்ணோக்கியின் வழியே கண்டு வரைந்தவை என்று தோன்றலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்-கதிர்ப் படிகவியல் போட்ட கணக்கின் விடைகள். அந்தக் கணக்கைத் தொடங்கும்போதே அதற்கு வேண்டிய விவரங்களில் ஒரு பாதி கையில் இருக்காது. காணாமற்போன அந்தப் பாதியை முதன்முதலில் மீட்டுத் தந்தவை பாதரசம், தங்கம், பிளாட்டினம், யுரேனியம், லாந்தனைடுகள் முதலான உலோகங்கள். இவ்வுரையில் நான் நிறுவ முயல்வது ஒரே ஒரு கருத்து. உலோக அயனியைப் புரதப் படிகத்துக்குள் செலுத்துவது தொடக்க காலத்தில் கைகொடுத்த உத்தி என்பதோடு அதன் கதை முடிவதில்லை. விடை இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்ளாமல் விடையைக் கண்டடையும் வழி அது. ஊகிப்பதில் கணினிகள் பெருந்திறன் பெற்றுவிட்ட இந்நாளில் அந்தப் பண்பின் மதிப்பு கூடியிருக்கிறது என்பதே என் வாதம்.

காணாமற்போகும் பாதி எது என்று முதலில் பார்ப்போம். ஒரே மூலக்கூறு கோடிகோடியாக ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதே படிகம். அதன்மேல் எக்ஸ்-கதிர் பட்டால் ஒவ்வோர் அணுவின் எலக்ட்ரான்களும் கதிரைச் சிதறடிக்கின்றன. சிதறிய அலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. மற்றத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. விளைவாக, உணர்கருவியில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் பதிவாகின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலை. அந்த அலையைப் பற்றி இரண்டு செய்திகள் நமக்கு வேண்டும்: வீச்சு எவ்வளவு, முகடு எங்கே விழுகிறது. இரண்டாவதைக் கட்டம் என்கிறோம். புள்ளியின் செறிவை அளந்தால் வீச்சு தெரிந்துவிடும். கட்டம் எந்தக் கருவியிலும் நேரடியாகப் பதிவாவதில்லை. கண்ணில் வில்லை செய்யும் குவிப்பு வேலையை இங்கே கணிதம் செய்ய வேண்டியிருக்கிறது. கணிதத்துக்கோ வீச்சும் வேண்டும், கட்டமும் வேண்டும். இரண்டில் படத்தை ஆள்வது கட்டமே. ஒரு புரதத்தின் வீச்சுகளை வேறொரு புரதத்தின் கட்டங்களோடு சேர்த்துக் கணக்கிட்டால், கிடைக்கும் படம் கட்டங்களைத் தந்த புரதத்தையே பெரிதும் ஒத்திருக்கும். இந்தச் செய்தியைச் சற்று மனத்தில் வைத்திருங்கள். உரையின் பிற்பகுதியில் இது மிகவும் தேவைப்படும்.

கட்டம் இல்லாமலே சமாளிக்கலாம் என்று முயன்றவர்கள் உண்டு. வீச்சுகளின் வர்க்கத்தை மட்டும் கொண்டு கணக்கிட்டால், அணுக்களின் இடங்கள் தெரியாவிட்டாலும் எந்த இரண்டு அணுக்களுக்கும் இடையே உள்ள தொலைவும் திசையும் தெரியும் என்று 1934-இல் ஆர்தர் பேட்டர்சன் காட்டினார். பத்து அணுக்கள் உள்ள பொருளுக்கு இப்படி 90 இணைப்புகள் வரும், பிரித்தறிந்துவிடலாம். ஹீமோகுளோபினில் ஹைட்ரஜனை விட்டுவிட்டாலும் ஏறத்தாழ 4,500 அணுக்கள். இணைப்புகள் இரண்டு கோடியைத் தாண்டி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. இருந்தும், கேம்பிரிட்ஜில் 1937 முதல் ஹீமோகுளோபினை ஆராய்ந்துவந்த மேக்ஸ் பெருட்ஸ் அந்தக் குவியலிலிருந்தே ஒரு வடிவத்தைப் படித்தெடுத்தார். உருளை போன்ற மூலக்கூறுக்குள் புரதச் சங்கிலி இணையான கம்பிகளாக மடிந்து நிற்கிறது என்பது 1949-இல் அவர் தந்த மாதிரி. 1951-இல் அதே ஆய்வகத்தில் மாணவராக இருந்த பிரான்சிஸ் கிரிக், அந்த மாதிரி அளவீடுகளோடு பொருந்தாது என்று ஒரு கருத்தரங்கில் எடுத்துக்காட்டினார். பெருட்ஸின் உழைப்பிலோ நேர்மையிலோ குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்கான வடிவத்தை எதிர்பார்த்த மனம், தெளிவற்ற தரவில் அந்த ஒழுங்கையே கண்டது. எல்லா வழிகளையும் அலசிய கிரிக், நம்பிக்கை தரக்கூடிய வழி ஒன்றே என்றார். அதுதான் ஒத்தவடிவப் பதிலீடு.

அந்த வழி வேதியியலாளர்களுக்குப் புதியதன்று. நாம் வீட்டில் வைத்திருக்கும் படிகாரத்தில் பொட்டாசியம் அயனி இருக்கிறது. அதன் இடத்தில் ருபிடியமோ சீசியமோ தாலியமோ அமர்ந்தாலும் படிகத்தின் வடிவம் மாறுவதில்லை; புள்ளிகளின் இடங்களும் ஏறத்தாழ அப்படியே இருக்கும்; செறிவுகள் மட்டும் மாறும். ஓர் அலையோடு நமக்குத் தெரிந்த இன்னோர் அலையைச் சேர்க்கிறோம். கூட்டுத்தொகை வலுத்தால் இரண்டும் ஒரே போக்கில் இருந்தன. மெலிந்தால் எதிரெதிர்ப் போக்கில் இருந்தன. அளக்கவே முடியாத கட்டம், அளக்கக்கூடிய செறிவு மாற்றமாக இப்படி வெளிப்படுகிறது. 1927-இல் ஜே. எம். கார்க் படிகார வரிசையில் இந்த முறையைக் கையாண்டார். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜே. எம். ராபர்ட்சன் 1930-களின் நடுவில் தாலோசயனின் என்ற நிறமியை எடுத்துக்கொண்டார். அதன் மூலக்கூற்று நடுவில் நிக்கல் இருக்கும் படிகத்தையும் உலோகமே இல்லாத படிகத்தையும் ஒப்பிட்டு, வேதியியல் ஊகம் எதையும் துணைக்கு அழைக்காமலே அணுக்களின் இடங்களை வரைந்து காட்டினார். தெரிந்த இடத்தில் தெரிந்த அணு ஒன்று இருந்தால் போதும், தெரியாத எல்லாவற்றையும் அதை வைத்து அளந்துவிடலாம் என்று அந்தப் படம் மெய்ப்பித்தது.

ஆனால் சிறு மூலக்கூறில் ஒரு நிக்கல் அணு பெரும்புள்ளி. புரதத்தில் ஒரு பாதரச அணுவை யார் கவனிப்பார்கள்? 1950-களின் தொடக்கத்தில் பலரையும் தயங்கவைத்த கேள்வி இது. ஹீமோகுளோபினின் அணுக்களில் மொத்தம் முப்பதாயிரம் எலக்ட்ரான்களுக்கு மேல் உள்ளன. இரண்டு பாதரச அணுக்களைச் சேர்த்தால் கூடுவது 160, அரை விழுக்காடு. ஆனால் இது தவறான ஒப்பீடு. 4,500 பேர் ஒரு தேர்வடத்தைப் பிடித்து ஆளுக்கொரு திசையில் இழுத்தால், மொத்த இழுவை 4,500 பேரின் வலுவாக இராது. அந்த எண்ணின் வர்க்கமூலமான 67 பேர் ஒரே திசையில் இழுப்பதற்கே சமமாகும். புரதத்தின் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களிலிருந்து வரும் அலைகளும் அப்படித்தான் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. அணு ஒன்றுக்குச் சராசரியாக 6.7 எலக்ட்ரான் என்று கொண்டால், மிஞ்சும் அலையின் வலு ஏறத்தாழ 450 எலக்ட்ரான் அளவே. இரண்டு பாதரச அணுக்களின் கூட்டு அலை, அதே கணக்கில், ஏறத்தாழ 113. அரை விழுக்காடு என்று அஞ்சியது உண்மையில் கால் பங்கு. ஹீமோகுளோபின் படிகம் எக்ஸ்-கதிரை எவ்வளவு மெலிதாகச் சிதறடிக்கிறது என்பதை அளந்து பார்த்தபோதுதான் பெருட்ஸுக்கு இது உறைத்தது. 1956-இல் கிரிக்கும் பியட்ரிஸ் மேக்டாஃபும் இந்தக் கணக்கைப் பொதுச் சமன்பாடாகவே எழுதிவைத்தனர்.

1953-இல் சோதனை நடந்தது. ஹீமோகுளோபினில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம் பாதரசத்தை இறுகப் பற்றும் என்பதும், அப்படிப் பற்றிய பிறகும் புரதம் ஆக்சிஜனை ஏற்கும் என்பதும் அப்போது அறியவந்திருந்தன. வெர்னான் இங்கிராம் பாதரசம் ஏற்றிய ஹீமோகுளோபினைத் தயாரித்துக் கொடுத்தார். பெருட்ஸ் எடுத்த படத்தில் புள்ளிகள் பழைய இடங்களிலேயே இருந்தன. செறிவுகள் கணக்கு சொன்ன அளவுக்கு மாறியிருந்தன. பதினாறு ஆண்டுகளாகப் பூட்டியிருந்த கதவு அன்று திறந்தது. பெருட்ஸின் சக ஆய்வாளரான கென்ட்ரூ ஆராய்ந்த திமிங்கில மயோகுளோபினில் சிஸ்டீனே இல்லை. அவருடைய குழு வெவ்வேறு உலோக அயனிகளும் சேர்மங்களும் கலந்த கரைசல்களைப் படிகத்தோடு சேர்த்துப் பார்த்து, பாதரசமும் தங்கமும் தாமாகவே தெரிந்தெடுத்து அமரும் இடங்களைக் கண்டுபிடித்தது. 400 புள்ளிகளைக் கொண்டு 6 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் வந்த முதல் புரதப் படம் 1958-இல் வெளியானது. என் வாதத்துக்கு அந்தப் படத்தின் தோற்றமே முதல் சான்று. எல்லோரும் எதிர்பார்த்த சமச்சீரும் இணைகோடுகளும் அதில் இல்லை. குடல்போல் வளைந்து நெளிந்த ஒரு சங்கிலி இருந்தது. எந்தக் கோட்பாடும் முன்கூட்டிச் சொல்லாத வடிவம் அது. 1960-இல் பெருட்ஸின் ஹீமோகுளோபின் 5.5 ஆங்ஸ்ட்ராமில் வந்தபோது, அதன் நான்கு சங்கிலிகளும் ஒவ்வொன்றாக மயோகுளோபினை ஒத்திருந்தன. வேறு விலங்கு, வேறு படிகம், வேறு உலோகச் சேர்க்கைகள். ஆனாலும் ஒரே மடிப்பு. ஊகம் உள்ளே நுழையாத இரண்டு சோதனைகள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. 1949-இன் மாதிரிக்கு இல்லாத பலம் இதுதான்.

இங்கே ஒரு கணிதச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். கட்டம் என்பது வெறும் கூட்டல், கழித்தல் குறியாக இருக்கும் சிறப்பு நிலையில் ஓர் உலோகம் போதும். பொதுவாக அது 0 முதல் 360 பாகை வரை எதுவாகவும் இருக்கலாம். ஓர் உலோகம் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு விடைகளைத் தரும். எது சரி என்று சொல்லாது. வேறோர் இடத்தில் அமரும் இரண்டாவது உலோகமும் இரண்டு விடைகள் தரும். இரண்டுக்கும் பொதுவானதே உண்மை. இதை டேவிட் ஹார்க்கர் 1956-இல் வட்டங்கள் வரைந்து விளக்கினார். ஆக, ஒரே சாட்சியை நம்பாமல் இரண்டு மூன்று சாட்சிகளை ஒத்துப்பார்ப்பது இந்த முறையின் இயல்பிலேயே அமைந்த ஒழுங்கு. அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. இன்சுலினின் எக்ஸ்-கதிர்ப் படத்தை டோரதி ஹாட்ஜ்கின் 1935-இல் எடுத்தார். இன்சுலின் படிகத்தில் துத்தநாக அயனிகள் இயற்கையாகவே உண்டு. ஆறு மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றி அணிவகுக்கின்றன. ஆயினும் 30 எலக்ட்ரான் கொண்ட துத்தநாகம் தனித்து வழிகாட்டப் போதவில்லை. கனமான உலோகங்களைச் சரியாக உட்கார வைத்து முழுக் கட்டமைப்பை வெளியிட 1969 ஆயிற்று. அந்தக் குழுவில் ஒருவராக உழைத்த எம். விஜயன் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிகவியலை வளர்த்தார்.

உலோகம் இன்னொரு வகையிலும் சாட்சி சொல்லும். அணுக்கருவுக்கு அருகில் இறுகக் கட்டுண்ட எலக்ட்ரானைப் பெயர்த்தெறியப் போதுமான ஆற்றல் கதிருக்கு வந்ததும் (அந்த எல்லையே உட்கவர் விளிம்பு), அந்த அணு சிதறடிக்கும் அலையின் கட்டம் சற்றே நகர்கிறது. இதை இயல்புமீறிய சிதறல் என்கிறோம். சாதாரணமாக, படிகத்தின் ஒரு பக்கத்திலிருந்து வரும் புள்ளியும் அதற்கு நேரெதிர்ப் புள்ளியும் சமச் செறிவில் இருக்க வேண்டும் என்பது ஃபிரீடல் விதி. இயல்புமீறிச் சிதறடிக்கும் அணு ஒன்று இருந்தால் அந்தச் சமன் குலைகிறது. 1951-இல் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் பைஃபுட் குழுவினர் சோடியம் ருபிடியம் டார்டரேட் படிகத்தை எடுத்து, ருபிடியத்தின் உட்கவர் விளிம்பான 0.816 ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்றுக் குறைந்த 0.786 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள சிர்க்கோனியக் கதிரைச் செலுத்தினர். எதிரெதிர்ப் புள்ளிகள் வேறுபட்டன. மூலக்கூறு வலக்கை வகையா இடக்கை வகையா என்ற கேள்விக்கு வேதியியல் அதுவரை எமில் ஃபிஷரின் வசதிக்கான ஓர் உடன்பாட்டையே விடையாக வைத்திருந்தது. சரியாக இருக்கப் பாதிக்குப் பாதியே வாய்ப்பு. ஃபிஷரின் தேர்வு சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது ஓர் உலோக அயனி.

இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து கட்டத்தையே கணக்கிடலாம் என்ற சிந்தனையில் சென்னைக்கு முக்கியப் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் 1956-இல் எழுதிய கட்டுரை, எதிரெதிர்ப் புள்ளிகளின் செறிவு வேறுபாட்டைக் கொண்டு கட்டத்துக்கு இரண்டு விடைகள் பெறலாம் என்றும், அவற்றில் கன அணுவின் கட்டத்துக்கு நெருக்கமானதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றும் காட்டியது. இரண்டாவது உலோகம் வேண்டாம். உலோகம் இல்லாத படிகமும் வேண்டாம். ஒரே படிகம் போதும் என்பது இதன் உட்பொருள். புரதங்களில் அந்த வேறுபாடு மிகச் சிறியது. அன்றைய கருவிகள் அதை நம்பகமாக அளக்கவில்லை. எனினும் இன்று உலகெங்கும் கையாளப்படும் ஒற்றை அலைநீள முறைக்கு அந்தக் கட்டுரை ஒரு முன்னோடி. ராமச்சந்திரனோடு கொலாஜனின் மும்மடிச் சுருளைக் கண்ட கோபிநாத் கர்த்தா பின்னர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஹார்க்கரோடும் பெல்லோவோடும் சேர்ந்து 1967-இல் ரிபோநியூக்ளியேஸ் நொதியின் கட்டமைப்பை வெளியிட்டார். பதிலீட்டு முறையையும் இயல்புமீறிய சிதறலையும் இணைத்துக் கணக்கிடும் வழியிலும் அவருடைய பங்கு குறிப்பிடத்தக்கது.

சின்க்ரோட்ரான் என்ற கதிர்மூலம் வந்தபின் நிலைமை தலைகீழானது. விரும்பிய அலைநீளத்துக்குக் கதிரைத் திருப்பிக்கொள்ள முடிந்தது. ஒவ்வோர் உலோகத்தையும் அதன் உட்கவர் விளிம்பிலேயே வைத்துக் கேள்வி கேட்க முடிந்தது. பார்வால்புமின் என்ற மீன் புரதத்தின் கால்சியம் இடங்களில் டெர்பியத்தை வைத்து 1985-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பல அலைநீள முறையைச் சோதித்தனர். 1988-இல் வெய்ன் ஹென்ட்ரிக்சன் குழு லாம்ப்ரே மீனின் ஹீமோகுளோபினில் இயற்கையாகவே இருக்கும் இரும்பைக் கொண்டும், வேறொரு குழு வெள்ளரியின் நீலப் புரதத்தில் இருக்கும் செம்பைக் கொண்டும் கட்டங்களைப் பெற்றன. புரதங்களை உருவாக்கும் ரிபோசோமில் பிரச்சினை வேறு. அதன் பெரிய பாகத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் அணுக்கள். முன்பு போட்ட கணக்கையே போட்டால் மிஞ்சும் அலை இரண்டாயிரம் எலக்ட்ரானைத் தாண்டும். ஒற்றைப் பாதரச அணு அதில் நான்கு விழுக்காடுகூட இல்லை. எனவே 18 டங்ஸ்டன் அணுக்கள் கட்டுண்ட கொத்து ஒன்றை ஆய்வாளர்கள் செலுத்தினார்கள். குறைந்த பிரிதிறனில் அது 1,300-க்கு மேற்பட்ட எலக்ட்ரான் கொண்ட ஒரே அணுவைப் போலச் சிதறடிக்கும். 1998-இல் வந்த 9 ஆங்ஸ்ட்ராம் படத்துக்கு அதுவே வழிவிட்டது. சிறிய பாகத்தை ஆராய்ந்தவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அவருக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, ஆறு அம்மோனியா சூழ்ந்த ஆஸ்மியம் அயனி. ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த மெக்னீசியம் ஆர்.என்.ஏ.-வில் எங்கே அமருமோ அங்கே அதுவும் போய் அமர்ந்துகொள்ளும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது: அந்நிய உலோகத்தை உள்ளே தள்ளினால் புரதம் உருக்குலையாதா? உருக்குலைந்ததை அளந்துவிட்டு இதுவே இயற்கை என்று சொல்வது முறையா? இந்தக் கவலை நியாயமானது; பல உலோகங்கள் படிகத்தையே சிதைத்துவிடுகின்றன. ஆனால் சிதைவு மறைந்துகொள்வதில்லை. படிக அலகின் அளவுகள் மாறும், புள்ளிகள் இடம்பெயரும், வெவ்வேறு உலோகங்கள் தரும் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமல்போகும். ஹீமோகுளோபினின் 1960-ஆம் ஆண்டுப் படத்தின் பின்னால் ஒன்றல்ல, பல கன அணுச் சேர்க்கைகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் புரதத்தைத் தன் போக்கில் சிறிது அசைத்திருக்கலாம். எல்லாம் ஒரே பொய்யை ஒருமித்துச் சொல்லியிருக்க வழியில்லை. உலோகத்திலிருந்து பெறுவது கட்டத்தின் தொடக்க மதிப்புகளை மட்டுமே என்பதையும் மறக்கக்கூடாது. இறுதி மாதிரி, உலோகம் ஏறாத படிகத்தின் அளவீடுகளோடு ஒப்பிட்டே திருத்தப்படும். ஒரே படிகத்தை வைத்துச் செய்யும் இயல்புமீறிய சிதறல் முறையில் இரண்டு படிகங்களை ஒப்பிடும் தேவையே எழுவதில்லை. இரும்பும் செம்பும் துத்தநாகமும் இயற்கையாகவே உள்ள புரதங்களில் அந்நிய அணு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது எதிர்வாதம்: எந்த உலோகம் எங்கே ஒட்டும் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகக் கரைத்துப் பார்ப்பது அறிவியலா, குருட்டு வேட்டையா? ஹாட்ஜ்கினின் 34 ஆண்டுகளைப் பார்த்தால் இப்படிக் கேட்கத் தோன்றும். ஆனால் அந்த வேட்டைக்கு வேதியியலின் வரைபடம் உண்டு. பாதரசம் சிஸ்டீனின் கந்தகத்தைத் தேடும். பிளாட்டினச் சேர்மங்கள் மெத்தியோனினையும் ஹிஸ்டிடினையும் நாடும். லாந்தனைடுகள் ஆக்சிஜனை விரும்புவதால் அமிலத்தன்மையுள்ள பக்கச்சங்கிலிகளிடமும் கால்சியத்தின் இருக்கைகளிடமும் போகும். அளவில் அவை கால்சியத்தை ஒத்திருப்பதே காரணம். கால்சியத்துக்கு 20 எலக்ட்ரான், டெர்பியத்துக்கு 65; ஆள் மாறியதும் அலை மாறுவது கண்கூடு. 1972-இல் தெர்மோலைசின் நொதியில் இந்த ஆள்மாற்றம் நன்கு நிறுவப்பட்டது. ஃபாஸ்பேட் கலந்த கரைசலில் லாந்தனைடு வீழ்படிவாகிப் பயனற்றுப்போகும். அம்மோனியம் உப்புக் கரைசலின் காரத்தன்மை கூடினால் அம்மோனியா உலோகத்தைப் பிடித்துவைத்துப் புரதத்தோடு போட்டியிடும். இவற்றை அறிந்தவருக்குத் தோல்வியும் ஒரு செய்தி. எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்காக உருவான கடோலினியச் சேர்மம் ஒன்றை 2002-இல் லைசோசைம் படிகத்தில் பயன்படுத்திக் கட்டங்களைப் பெற்றதும் இந்த அறிவின் நீட்சியே.

மூன்றாவது எதிர்வாதம் கடுமையானது: சாட்சி என்று இவ்வளவு உயர்த்திச் சொல்கிறீர்களே, உலோகத்தை நம்பியவர்கள் தவறியதே இல்லையா? தவறியிருக்கிறார்கள். எம்.எஸ்.பி.ஏ. என்ற சவ்வுப் புரதம் முதலானவற்றின் கட்டமைப்புகளை 2001 முதல் வெளியிட்ட ஓர் அமெரிக்கக் குழு, 2006-இல் தொடங்கி ஐந்து ஆய்வுக்கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. எதிரெதிர்ப் புள்ளிகளின் இரண்டு வரிசைகளை ஒரு கணினி நிரல் இடம்மாற்றி எழுதிவிட்டது; வேறுபாட்டின் குறி தலைகீழாகி, மூலக்கூறு கண்ணாடி பிம்பமாக வந்தது; மங்கலான பிரிதிறனில் அது கண்ணுக்குப் படவில்லை. இந்த நிகழ்வை நான் மழுப்ப விரும்பவில்லை. ஆனால் பிழை நேர்ந்த இடத்தைப் பாருங்கள். உலோகம் சொன்னதை எழுதிக்கொண்டவர் மாற்றி எழுதினார். பிழை வெளிப்பட்ட விதத்தையும் பாருங்கள். சூரிக்கில் வேறொரு குழு அதே குடும்பப் புரதம் ஒன்றைத் தெளிவான பிரிதிறனில் தனியே நிறுவியதும் முரண்பாடு வெளியே வந்தது. ஆல்பா சுருள் வலச்சுழியாகவே இருக்க வேண்டும் என்பது போன்ற சோதனைகளை ஒவ்வொரு படியிலும் நடத்த வேண்டும் என்ற பாடத்தையும் அது விட்டுச்சென்றது. சார்பற்ற சான்று தவறலாம். தவறினால் இன்னொரு சார்பற்ற சான்று அதைக் காட்டிக்கொடுக்கும். எல்லோரும் ஒரே மூலத்திலிருந்து கடன்வாங்கியிருந்தால் அந்தத் திருத்தம் நடந்திராது.

நான்காவது எதிர்வாதம்தான் இன்று மாணவர்கள் அதிகம் கேட்பது. அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல் சில நிமிடங்களில் வடிவத்தைத் தருகிறது. அந்தப் பணிக்கு 2024-இல் நோபல் பரிசும் கிடைத்துவிட்டது. ஊகித்த மாதிரியிலிருந்தே தொடக்கக் கட்டங்களைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். பெரிய மூலக்கூறுகளைக் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி படமாகவே எடுத்துவிடுகிறது, அங்கே கட்டச் சிக்கலே இல்லை. பிறகு பாதரசம் எதற்கு? இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ரிபோசோமுக்கு இன்று யாரும் டங்ஸ்டன் கொத்தைத் தேட வேண்டியதில்லை. பெரும்பாலான புரதப் படிகங்களுக்கு மாதிரிவழிக் கட்டமே போதுமானது; ஓர் ஆண்டு உழைப்பு ஒரு வாரத்தில் முடிவது நல்லதுதான்.

மறுபாதியை ஒப்புக்கொள்ள மூன்று தடைகள் உள்ளன. ஒன்று, கட்டங்களே படத்தை ஆள்கின்றன என்று தொடக்கத்தில் சொன்னேன். கட்டங்களை மாதிரியிலிருந்து எடுத்தால், கிடைக்கும் படம் அந்த மாதிரியின் பக்கமே சாயும். மாதிரி பிழையாக உள்ள இடத்தில் பிழையே உறுதிப்பட்டதுபோல் தோன்றும். 1949-இல் பெருட்ஸின் மனம் செய்ததை இன்று கணக்கே செய்துவிடக்கூடும். மயோகுளோபினைப்போல் எவரும் எதிர்பாராத வடிவம் ஒன்று காத்திருக்கும் இடத்தில் இந்த ஆபத்து மிகுதி. இரண்டு, ஆல்ஃபாஃபோல்டு கற்றது எங்கிருந்து? 1971-இல் ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கி இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்ட புரதத் தரவு வங்கியிலிருந்து. அங்கே மாதிரிவழி நிறுவப்பட்ட கட்டமைப்புகளின் தலைமுறை வரிசையைப் பின்னோக்கித் தொடர்ந்தால், பெரும்பாலும் ஒரு கன அணுவிடமோ, புரதத்தில் பதிக்கப்பட்ட செலினியத்திடமோ போய்ச் சேர்வோம். செலினியம் உலோகம் அன்று. ஆனால் உலோகங்கள் காட்டிய வழியில் வந்ததே. ஊகத்தின் திறமை என்று நாம் வியப்பது, கணிசமான அளவுக்கு, அந்தச் சாட்சியங்களின் சேமிப்பு. மூன்று, புரதத்தில் உண்மையில் எந்த உலோகம் இருக்கிறது என்ற கேள்வி. சோடியம் அயனிக்கும் மெக்னீசியம் அயனிக்கும் நீர் மூலக்கூறுக்கும் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றே, பத்து. வெறும் படத்தை வைத்து ஆளடையாளம் சொல்வது கடினம். இரும்பும் துத்தநாகமும் அருகருகான எண்கள் உடையவை. ஆல்ஃபாஃபோல்டின் புதிய பதிப்புகள் அயனிகளின் இடத்தை ஊகிக்கின்றன. ஆனால் இந்தப் படிகத்தில் இந்த இடத்தில் இருப்பது துத்தநாகம்தான் என்று உறுதியாகச் சொல்ல, கதிரைத் துத்தநாகத்தின் விளிம்பான 1.28 ஆங்ஸ்ட்ராமுக்கு இருபுறமும் வைத்து அளந்து பார்ப்பதைவிட நேரான வழி இல்லை. நொதியின் வேலையே அந்த ஓர் அயனியைச் சார்ந்திருக்கும்போது இது சிறு விவரம் அன்று.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது பழைய முறைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதன்று. ஊகம் வேலையைத் தொடங்கட்டும். ஊகத்தைச் சோதிக்கும் திறன் நம் கையைவிட்டுப் போகாதிருக்கட்டும். இந்தோர் நகரின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் புரதப் படிகவியலுக்கென்றே ஒரு கதிர்வழி இருக்கிறது. இயல்புமீறிய சிதறலிலிருந்து கட்டத்தைக் கணக்கிடும் வழிக்கு முன்னோடியான பல்கலைக்கழகம் இந்தச் சென்னையிலேயே இருக்கிறது. உலோகத்தைப் படிகத்தில் ஏற்றி, வேறுபாட்டை அளந்து, கட்டத்தைத் தாமே கணக்கிட்ட அனுபவம் ஒரு முறையாவது வாய்க்காத மாணவர், பிறர் தரும் கட்டமைப்பை எடைபோடும் தகுதியைப் பெறுவது கடினம். ஒரு புரதத்தின் படம் உங்கள் முன் வைக்கப்படும்போது, அதன் பிரிதிறனைக் கேட்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இந்தப் படத்துக்குக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன? அளவீட்டிலிருந்து வந்தன என்றால் அந்த அளவீட்டைச் சோதியுங்கள். மாதிரியிலிருந்து வந்தன என்றால், மாதிரி சொல்லாத எதையாவது இந்தப் படம் காட்டுகிறதா என்று தேடுங்கள். அப்படி எதுவும் காட்டாத படம், நமக்கு முன்பே தெரிந்ததைத்தான் மறுபடி சொல்லியிருக்கிறது.